அவர் வாங்கிய தடை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூக்க மாத்திரை வேண்டாம் என்றேன். அப்படியானால் தினமும் எதையாவது எழுதுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். என்னத்தை எழுத என்று கேட்டேன். "அன்னைக்கு என்ன கொழம்பு வச்சீங்கன்னு எழுதுங்க, போதும்" என்றார்.

இன்று குழம்பு வைக்கவில்லை. ரசம், அப்பளம்.

என் கணவர் ரொமால்ட் ஜூலை பதினொன்றாம் தேதி, துறைமுகத்தின் வாயில், படகுகள் கடலிலிருந்து உள்ளே நுழைகிற இடத்தில், அவருடைய சின்ன வள்ளம் கவிழ்ந்து இறந்துபோனார். இதையும் எழுதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காய்ச்சல் சீசன் என்பதால் காலையிலிருந்தே வரிசை. துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற தூர்வாரும் கப்பலிலிருந்து மூன்று பேர் மலேரியா பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களில் ஓர் ஆந்திராக்காரர் கொஞ்சம் தமிழ் பேசினார்.

"வேலை இல்லை மேடம். மார்ச்லேருந்து கப்பல் சும்மா நிக்குது. யாரோ ஊர்க்காரர் கோர்ட்ல தடை வாங்கிட்டார்."

கையை இறுக்கி மூடச் சொன்னேன். நரம்பு ஒரே தடவையில் கிடைத்தது. மூன்று பேருக்கும் மலேரியா இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அண்ணனும் மைனியும் வந்தார்கள். அண்ணன் பெயர் கனிஷ்டன். சொந்தமாக இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறார். மைனி விளமீன் கொண்டுவந்திருந்தாள். அவளே கழுவி, அரிந்து, மஞ்சள் தடவி வைத்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் காப்பி குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"ஏட்டி ஜெனோவா, அந்தக் கேஸ வாபஸ் வாங்கிரு. ஒங் கையெழுத்து ஒண்ணு போதும்."

"எங் கேஸ் இல்லண்ணே. அவுக போட்டது."

"அவன்தான் இப்ப இல்லியே. வாடக் காத்து கெளம்புறதுக்குள்ள வாயில கெடக்க மண்ண அள்ளணும். இல்லேன்னா இன்னும் எத்தன பேரு போவான்னு தெரியாது. மார்ச்சுல அவன் தட வாங்காம இருந்திருந்தா சூன்லயே வாய் சுத்தமாயிருக்கும். அவனும்..."

மைனி அவர் தொடையில் தட்டினாள். அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

மீன் நன்றாக இருந்தது என்று அனிலா சொன்னாள். அனிலா என் மகள். பதினொன்றாம் வகுப்பு.

ஆகஸ்ட் 25, திங்கள்

அண்ணன் பாதியில் நிறுத்தியதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கேஸ் என்னவென்று எழுதிவைக்கிறேன். இன்று வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் துறைமுக வாயில் வருடா வருடம் மணல் மேடு ஏறிக்கொண்டே போகிறது. அதை அள்ளவும், அதற்கு வெளியே சரக்குக் கப்பல் வந்துபோக ஆழமான கால்வாய் வெட்டவும் சேர்த்து அரசு ஒரு திட்டம் போட்டது. அள்ளுகிற மணலையும் சேற்றையும் கொட்டுவதற்குக் குறித்த இடம் கொம்புப் பார். அது கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு. வள்ளக்காரர்களுக்குச் சிங்கி இறாலும் கணவாயும் அகப்படுவது அங்கேதான். ஆய்வறிக்கையில் அந்த இடத்துக்கு 'உயிரினங்கள் அதிகமில்லாத மணற்பரப்பு' என்று போட்டிருந்தார்கள். அதை வைத்துச் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள்.

ரொமால்ட் அந்த அனுமதியை எதிர்த்துச் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். மார்ச்சில் இடைக்காலத் தடை கிடைத்தது. அன்று வள்ளக்காரர்கள் கடற்கரையில் வெடி போட்டார்கள். விசைப்படகுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அண்ணனும்தான். மறுபடி அவர் எங்கள் வாசலில் கால் வைத்தது ஜூலை பதினொன்றாம் தேதி.

மத்தியானம் வக்கீல் யாஸ்மின் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, மேல்முறையீடு சார் ஒருத்தர் பேர்லதான் இருக்கு. அவர் இடத்துல இன்னொருத்தர் மனுதாரரா வரணும். மனைவிங்கிற முறையில நீங்க வந்தா நல்லது. யாரும் வரலைன்னா அதையே சொல்லி கேஸை முடிச்சிடுவாங்க. உடனே சொல்ல வேண்டாம், யோசிங்க."

"சரி" என்றேன்.

எதற்குச் சரி சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கும் புரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

சூசை அண்ணாச்சி வந்தார். வள்ளக்காரர் சங்கத் தலைவர். திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ரொமால்டோடு சேர்ந்து மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்.

"நீதான் முன்னால நிக்கணும் தாயி. ஒன்னய பாத்தா ஜட்ஜி மனசு எரங்கும். வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வா, என்ன?"

என்னிடம் வெள்ளைச் சேலை இல்லை. வெள்ளையில் லேப் கோட்டுதான் இருக்கிறது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

அனிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாளாம்: ஒங்கப்பா வாங்குன தடையிலதான் ஒங்கப்பாவே செத்தாரு.

"நெசமாம்மா?"

"டிபன் பாக்ஸ எடுத்து வெளிய வையி. கழுவணும்" என்றேன்.

எடுத்து வைத்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். கோயிலில் சாப்பாடு போட்டார்கள். நாங்கள் போகவில்லை.

செப்டம்பர் 13, சனி

சென்னைக்கு வந்தேன். யாஸ்மின்தான் நேரில் வரச் சொல்லியிருந்தார். மண்ணடியில் ஒரு மாடியில் அவருடைய அலுவலகம். நாற்காலியில் இருந்த கட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்து என்னை உட்காரச் சொன்னார். சின்னப் பெண்தான், முப்பது இருக்கலாம்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. வேற யார் மூலமாவும் நீங்க கேக்கக் கூடாது, அதான் வரச் சொன்னேன்."

மார்ச்சில் தடை கொடுப்பதற்கு முன் நீதிபதி ஒரு கேள்வி கேட்டாராம். துறைமுக வாயில் இருக்கிற மண்ணை மட்டும் அள்ளிக்கொள்ள மனுதாரருக்கு ஆட்சேபணை உண்டா? யாஸ்மின் திரும்பிப் பார்த்தாராம். பின் வரிசையில் இருந்த ரொமால்ட் எழுந்து கிட்டே வந்து, ஆட்சேபணை உண்டு என்று சொல்லச் சொன்னாராம்.

"அந்த மண்ணும் பாருக்குத்தானே மேடம் போவும்னார். பாதிக்குச் சம்மதம்னா முழுசுக்கும் சம்மதம்னு ஆக்கிருவாங்கன்னார். நானும் அதுதான் சரின்னு நெனைச்சேன். இப்பவும் கேஸுக்கு அதுதான் சரி. ஆனா ஜூலைல அந்தச் செய்தி வந்ததுலேருந்து..."

அழுதுவிட்டார். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. தடை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். வரும் வழியில் கோழி வாங்கிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திரும்பி வரும்போது ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஊர். எழுப்பவில்லை. தோள் மரத்துப்போயிருந்ததை இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஜூடின் கால் காயம் ஆறவில்லை, வீட்டுக்குப் போய் சர்க்கரை பார்த்துவாருங்கள் என்று டாக்டரம்மா அனுப்பினார். வேறு ஆள் இல்லை. ஜூட் எங்கள் வள்ளத்தில் வேலைக்கு இருந்தவன். அன்று ரொமால்டோடு போனவன் அவன் மட்டும்தான். கால் முறிந்து கரை சேர்ந்தான்.

வடக்குத் தெருவில் அவன் வீடு. துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டிய பிறகு வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. முன்பு அவன் வீட்டுக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. இப்போது அவன் வாசலில் கடல்.

"நீங்க கேக்கவே இல்லியேக்கா" என்றான்.

"என்னத்த?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு."

பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வாய்க்கு வெளிய நின்னோம். அல மடிஞ்சு மடிஞ்சு விழுது. தண்ணி ஏறட்டும்ண்ணே, கொஞ்சம் பொறுப்போம்னு சொன்னேன். அண்ணன் சிரிச்சாக. 'நான் வாங்குன தடையில நானே நிக்கேன் பாருடா'ன்னாக. பொறவு, ஒரு அலைய விட்டு அடுத்ததுல ஏறிருவோம்னு இஞ்சின முடுக்குனாக. அடி மணல்ல தட்டிச்சி. வள்ளம் குறுக்க திரும்பிட்டு. அவ்வளவுதான்க்கா."

விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். சர்க்கரை அதிகம். மாத்திரையை நிறுத்தினால் புண் ஆறாது என்று சொன்னேன்.

வெளியே அவன் மனைவி சிமென்ட் சாக்கில் செங்கல் உடைசலை அள்ளிப் போட்டு வாசலுக்கு அணை கட்டிக்கொண்டிருந்தாள். மணல் போடலாமே என்று கேட்டேன். "மணலுக்கு எங்கக்கா போவ? எல்லாம் வாயிலல்லா போயி கெடக்கு" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

நான் வாங்குன தடையில நானே நிக்கேன் பாருடா.

எழுதினால் அவர் குரலிலேயே கேட்கிறது. சிரிப்பும் கேட்கிறது.

துணி துவைத்தேன். கட்டில் விரிப்புகளையும் சேர்த்து.

செப்டம்பர் 24, புதன்

யாஸ்மினைக் கூப்பிட்டேன். மனுதாரராக நான் வருகிறேன், ஆனால் மனுவில் ஒன்று சேர்க்க வேண்டும் என்றேன். துறைமுக வாயில் மண் அள்ளுவதற்கு மட்டும் தடையை நீக்க வேண்டும். அந்த மணலைப் பாரில் கொட்டாமல் வடக்குக் கரையில் பரப்ப வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் தடை அப்படியே இருக்க வேண்டும்.



"அக்கா, பாதியை விட்டுக்கொடுத்தா மீதிக்குத் தடை நிக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அனுமதி மொத்தமும் தப்புங்கிறதுதான் நம்ம கேஸ். சார் எது வேண்டாம்னாரோ அதையே நீங்க கேக்கறீங்க."

"தெரியும்."

"தோத்தா, பார் போயிடும். உங்களாலதான் போச்சுன்னு ஊர் சொல்லும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

லேப்பில் ஆட்கள் நிற்கிறார்கள், வைக்கிறேன் என்றேன். யாரும் நிற்கவில்லை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒரே நாளில் இரண்டு பேரும் வந்து திட்டினார்கள். அண்ணாச்சி வாசலில் நின்றபடி. அண்ணன் உட்கார்ந்து.

"ரொமால்டு உசுரோட இருந்தா இதுக்கு ஒத்துக்குவானா?" என்றார் சூசை அண்ணாச்சி. "வாயத் தொறந்து விட்டா அடுத்தாப்புல கால்வாய வெட்டுவான். நீயே கதவத் தொறந்து விடுதியே தாயி."

நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். அவர் வரவில்லை.

அண்ணனுக்கு வேறு கோபம். "திட்டம் முழுசா வந்தாத்தான் எங்களுக்கு லாபம். படகு கட்ட பெரிய ஜெட்டி, ஏலக்கூடம் எல்லாம் அதோட சேந்ததுல்லா. மண்ண மட்டும் அள்ளிட்டுப் போனா எங்களுக்கு என்ன மிச்சம்?"

"வாடைக்கு முன்னால வாயத் தொறக்கலேன்னா இன்னும் ஆளு போவான்னு நீங்கதான சொன்னீய?"

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். இடது கால் செருப்பில் வலது காலை நுழைத்து, கழற்றி, மறுபடி மாட்டினார்.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

அக்டோபர் 8, புதன்

தீர்ப்பாயம். நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். சூசை அண்ணாச்சி வரவில்லை. அனிலா வருகிறேன் என்று அடம் பிடித்து வந்தாள்.

எங்கள் கேஸ் வரும்போது பசி நேரம். திட்டத்தின் தரப்பு வக்கீல், அனுமதி ஒன்றுதான், அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது என்றார். மனுதாரரே இப்போது தூர்வாரச் சம்மதிக்கிறார், ஆகவே தடையை முழுவதுமாக நீக்க வேண்டும் என்றார். யாஸ்மின் எதற்குப் பயந்தாரோ அதே வார்த்தைகள். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

நீதிபதி, மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். எழுந்து நின்றேன். தமிழிலேயே கேட்டார்.

"உங்க கணவர் இதே இடத்துல ஆட்சேபிச்சார். நீங்க ஏன் மாத்திக்கிறீங்க?"

"நான் மாத்தலைய்யா. பாருல ஒரு கூடை மண்ணு விழக் கூடாதுன்னுதான் நானும் கேக்கேன். வாயிலயும் மண்ணு கெடக்கக் கூடாது."

"ரெண்டும் வேணும்ங்கிறீங்க."

"ஆமாய்யா. அந்த வழியாத்தான் எல்லாரும் வீட்டுக்கு வரணும்."

என் குரல், ரிப்போர்ட் வாங்க வந்தவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. அனிலா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்ததுபோல.

பக்கத்தில் இருந்த நிபுணர் உறுப்பினர், வாயில் கிடப்பது சுத்தமான மணலா, சேறு கலந்ததா என்று திட்டத்தின் தரப்பைக் கேட்டார். தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். அறிக்கையில் பெரும்பாலும் மணல்தான் என்று இருந்தது. "மணல்னா அதைக் கடலுக்குள்ள கொண்டுபோய் கொட்டறது எதுக்கு, பக்கத்துல கரை போயிட்டிருக்கும்போது?" என்று கேட்டார்.

உத்தரவு பிறகு என்றார்கள்.

கேண்டீனில் அனிலா இரண்டு தோசை சாப்பிட்டாள். நான் ஒன்று.

அக்டோபர் 9, வியாழன்

லேப்பில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கீழே போட்டு உடைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

அக்டோபர் 16, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. யாஸ்மின் போனில் படித்துக் காட்டி, தமிழில் சொன்னார். துறைமுக வாயில் மட்டும் உடனே மண் அள்ளலாம். சோதித்துப் பார்த்து, சேறு கலக்காத மணலை வடக்குக் கரையில் பரப்ப வேண்டும். கால்வாய் வெட்டத் தடை தொடரும். கொம்புப் பாரில் எதையும் கொட்டக் கூடாது. பாரை மறுபடி முழுதாக ஆய்வு செய்ய வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும். ஜனவரியில் அடுத்த விசாரணை.

"மீதிக்குத் தடை நிலைச்சிடுச்சுக்கா" என்றார். "நான் நெனைக்கவே இல்ல."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

இந்தத் தடவை யாரும் வெடி போடவில்லை.

அக்டோபர் 25, சனி

கப்பல் வேலையைத் தொடங்கிவிட்டது. சத்தம் லேப் வரைக்கும் வருகிறது. ஜூடின் மனைவி வந்து, குழாய் வழியாகக் கறுப்புத் தண்ணீரும் மணலுமாக வாசலுக்கு முன்னால் கொட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்றாள். சொல்லிவிட்டு, ஒரு பை நிறைய முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

முருங்கைக்காய் சாம்பார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அவருடைய கல்லறைக்கு இன்னும் கல் கட்டவில்லை. மண் மேட்டில் பூ போட்டு மெழுகுவர்த்தி வைத்தோம். வாடைக் காற்றில் அது திரும்பத் திரும்ப அணைந்தது.

"அப்பா இருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாங்களாம்மா?" என்று அனிலா கேட்டாள்.

"மாட்டாக."

"அப்போ அப்பாவுக்கு எதிரா செஞ்சியா?"

"ஆமா."

அவள் தீக்குச்சியைக் கையால் மறைத்து மறுபடி பற்றவைத்தாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை. என்னுடைய முகச்சாயல் அவளுக்கு.

பிறகு நான் கல்லறையைப் பார்த்துச் சொன்னேன். "தண்ணி ஏறுற வரைக்கும் பொறுத்தா என்ன? ஜூட் சொன்னாம்லா. ஒமக்கு எல்லாத்துலயும் அவசரம். ஜட்ஜிட்ட மாட்டேன்னு சொல்லுறதுக்கும் அவசரம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

மனதுக்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார் நிறுத்திவிட்டுப் பார்த்தார். அனிலா என் கையைப் பிடித்தாள். நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து தூங்கினேன். விளக்கு வைக்கிற நேரம்வரை. மாத்திரை இல்லாமல்.

நவம்பர் 5, புதன்

நேற்று முழுக்க மழை. இன்று மழை விட்டு நல்ல வெயில், ஆனால் கடல் அடங்கவில்லை. மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, அனிலாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு கல் சுவருக்குப் போனேன். ஜூலைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. பாறையில் செருப்பு வழுக்கும் என்று கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன்.

கப்பலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். படகுகள் திரும்புகிற நேரம். முதலில் வந்தது அண்ணனுடைய படகு. வாய்க்கு வெளியே வேகத்தைக் குறைத்து நின்றது. பின்னால் அலை எழும்பி வந்தது. அனிலா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலை படகைத் தூக்கியது, மடியவில்லை, அப்படியே உள்ளே கொண்டுவந்து விட்டது. சுக்கானைப் பிடித்திருந்த அண்ணன் மேலே பார்த்தார். பார்த்தது என்னைத்தான். கையைத் தூக்கவில்லை. படகு ஐஸ் கம்பெனிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அதற்குப் பின்னால் வள்ளங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சூசை அண்ணாச்சியின் வள்ளமும் வந்தது. அவர் மேலே பார்க்கவே இல்லை. பாரில் பிடித்த கணவாய் பெட்டியில் இருந்தது.

கடைசி வள்ளமும் உள்ளே வந்த பிறகுதான் கால் சுடுவது எனக்குத் தெரிந்தது. வெயிலில் காய்ந்த கருங்கல். எவ்வளவு நேரமாகச் சுட்டுக்கொண்டிருந்ததோ, உள்ளங்கால் சிவந்துபோயிருந்தது.

"கால் சுடுதுட்டி" என்றேன்.

"செருப்ப ஏம்மா கீழ போட்ட?" என்று அனிலா தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். ஆளுக்கு ஒரு செருப்போடு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, நொண்டிக்கொண்டே கீழே இறங்கினோம்.